வோல்காவின் டேஷ்போர்டை வெட்டும் முன்

அத்-பாஷி
செப்டம்பர் 11, புதன்கிழமை

மதிப்பிற்குரிய எஸென்பெக் மாமாவுக்கு,

உங்கள் அக்கா மகள் பெர்மெத் சலாம் சொல்லி எழுதிக்கொள்வது. கடிதம் எழுதுவதற்கு முதலில் என்னை மன்னித்துவிடுங்கள். போன் இருக்கும்போது இவள் ஏன் காகிதத்தை டாக்ஸிக்காரரிடம் கொடுத்தனுப்புகிறாள் என்று நீங்கள் பயந்திருப்பீர்கள். யாருக்கும் எதுவும் ஆகவில்லை. போனில் பேசினால் நம் வீட்டில் சுவருக்குச் சுவர் காது. மெசேஜ் அனுப்பினாலோ, எவ்வளவு நீளமாக எழுதினாலும் நீங்கள் ஒரு கட்டைவிரலை மட்டும் திருப்பி அனுப்புகிறீர்கள். இந்த விஷயம் ஒரு கட்டைவிரலில் அடங்காது.

நீங்களும் அத்தையும் பிள்ளைகளும் சுகம்தானே? ஆடு மாடு சுகமா என்று அடுத்துக் கேட்பதுதான் முறை. பிஷ்கெக்கில் உங்களுக்கு ஆடு மாடு இல்லாததால், உங்கள் பட்டறையில் நிற்கும் வண்டிகள் எல்லாம் சுகமா என்று கேட்டுக்கொள்கிறேன். இங்கே ஆடுகள் சுகம், இரண்டைத் தவிர. அந்த இரண்டைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன். வண்டி சுகமாக இல்லை.

நோருஸ் பண்டிகைக்கு வந்திருந்தபோது நம் பழைய வோல்கா காரைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "அத்தான், இதுல கோழி அடைக்கலாம், நல்லா முட்டை வெக்கும்" என்று நீங்கள் சிரித்தீர்கள். அப்பாவும் சிரித்தார். ஆனால் நீங்கள் போனபிறகு மூன்று நாள் சிரிக்கவில்லை. நான்காம் நாள் அம்மாவிடம், "உன் தம்பி கிட்ட சொல்லிடு. உன்ன நான் டிராக்டர் டிரெய்லர்ல உக்கார வெச்சுக் கூட்டிட்டு வந்தேன். என் மருமக வோல்காவுலதான் வருவா" என்றார். உலான் அண்ணனின் கல்யாணம் 28ஆம் தேதி. நாரின் நகரத்துப் பெயின்டர், வரும் திங்கட்கிழமை வண்டியைக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறார், அதைத் தாண்டினால் ஏரிக்கரைப் பக்கம் வேலைக்குப் போய்விடுவாராம். டேஷ்போர்டுச் சட்டத்தைக் கழற்றாமல் வண்டியைத் தொடமாட்டேன் என்றும் சொல்லிவிட்டார். அதற்குப் பின்னால்தான் துரு எல்லாம் இருக்கிறதாம், எலி கடித்த வயர்களும் அங்கேதான். ஆகவே, மாமா, அண்ணியை எதில் கூட்டி வருவது என்பது இப்போது ஓர் இரும்புச் சட்டத்தில் தொங்கிக்கொண்டிருக்கிறது. அந்தச் சட்டம் வரமாட்டேன் என்கிறது.

முதல் நாள் எல்லாம் நன்றாகத்தான் நடந்தது. அப்பா மீட்டர்களைக் கழற்றினார், கடிகாரத்தைக் கழற்றினார், ரேடியோவைக் கழற்றினார், தந்த நிறத்துக் குமிழ்களை ஒவ்வொன்றாகத் திருகி எடுத்து அம்மாவின் பீங்கான் கிண்ணத்தில் போட்டார். எனக்கு டார்ச் பிடிக்கும் வேலை. நம் குடும்பத்தில் பல்கலைக்கழகம் போய்வந்த முதல் ஆள் என்பதால் இப்போது என்னை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. "டிப்ளமா, டார்ச்ச மேல பிடி", "டிப்ளமா, டீ ஊத்து" என்றுதான் கூப்பிடுகிறார்கள். இயற்பியல் படித்ததன் பயன் இதுவரை டார்ச் பிடிப்பதில்தான் தெரிகிறது. மதியம் வயரைப் பார்க்க எலக்ட்ரீஷியன் கெங்கெஷ் வந்தார். டீ ஊற்றினேன். அவர் பேசிக்கொண்டே பக்கத்திலிருந்த கிண்ணத்தில் கைவிட்டு, காய்ந்த தயிர்க் குருத் உருண்டை என்று நினைத்து சோக் குமிழை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். நான் பார்த்தேன். ஆனால் வீட்டுக்கு வந்த விருந்தாளியின் வாயில் இருப்பதை எப்படித் திருப்பிக் கேட்பது? ரொம்ப நேரம் சப்பிவிட்டு, "ஊல்கான் அக்கா, இது போன வருஷத்து குருத்தா? உப்பே இல்ல, கல்லு மாதிரி இருக்கு" என்றார். அம்மாவுக்கு முகம் சிவந்துவிட்டது. "என் குருத்த அத்-பாஷியில ஒருத்தரும் குறை சொன்னதில்ல!" என்று உள்ளே போய்ப் புதுக் குருத்தை ஒரு பை நிறையக் கொண்டுவந்து கொடுத்தார். குமிழ் திரும்பிக் கிடைத்தது. முன்பைவிடப் பளபளப்பாக இருக்கிறது.

இரண்டாம் நாள் கண்ணாடிக்குக் கீழே இருந்த திருகுகளும் இரண்டு பக்கத் தூண்களில் இருந்த போல்ட்டுகளும் வந்துவிட்டன. சட்டம் இடது பக்கம் ஆடியது, வலது பக்கம் ஆடியது, நடுவில் மட்டும் மலை மாதிரி நின்றது. அப்போதுதான் அப்பா பெய்ஷெனாலி தாத்தாவை அழைத்துவரச் சொன்னார். உங்களுக்கு நினைவிருக்கும், இதே வோல்காவைக் கூட்டுப்பண்ணைத் தலைவருக்காக இருபது வருடத்துக்கு மேல் ஓட்டியவர் அவர்தான். இப்போது எண்பத்து நான்கு வயது. கல்யாணத்தில் ஆசி சொல்லப்போவதும் அவரே. அவர் வந்து, தொப்பியைச் சரிசெய்துகொண்டு, கைத்தடியால் டேஷ்போர்டை ஒரு தட்டுத் தட்டினார். "ரேடியோவுக்குப் பின்னால பாக்கலாமா தாத்தா?" என்று கெங்கெஷ் கேட்டார். "அங்க ஒண்ணும் கெடையாது. வோல்காவுல அங்க போல்ட்டே கெடையாது. இந்த வண்டிய எனக்கா சொல்லித் தர்ற?" என்றார் தாத்தா. அவ்வளவுதான். பெரியவர் இல்லை என்று சொன்ன இடத்தில் கைவிட்டுப் பார்ப்பது அவர் தாடியைப் பிடித்து இழுப்பதற்குச் சமம் இல்லையா? அன்றிலிருந்து ரேடியோ இருந்த பள்ளத்தை யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அதைத் தவிர வண்டியில் மற்ற எல்லா இடங்களையும் பார்த்துவிட்டார்கள். முன் கண்ணாடியைக் கழற்றினார்கள், ஸ்டியரிங்கைக் கழற்றினார்கள், சீட்டுகளைக் கழற்றினார்கள், ஹேண்ட்பிரேக் கைப்பிடியைக் கழற்றினார்கள், ஒருவேளை காரணம் அங்கே இருக்குமோ என்று பின்பக்க விளக்கைக்கூட அண்ணன் கழற்றினான். "டேய், அதுக்கும் இதுக்கும் என்னடா சம்பந்தம்?" என்று அப்பா கேட்டதற்கு, "எல்லாரும் எதையாவது கழட்டுறீங்க, நான் மட்டும் சும்மா நிக்கணுமா?" என்றான். சட்டத்தை வண்டியிலிருந்து கழற்றத் தொடங்கினோம், மாமா. இப்போது சட்டம் மட்டும் அப்படியே இருக்கிறது, வண்டிதான் கழன்றுகொண்டிருக்கிறது.

உதவிக்கு வந்தவர்களைச் சாப்பிடாமல் அனுப்ப முடியாது, பெரியவர் வந்தால் ஆடு அடிக்காமலும் இருக்க முடியாது. தாத்தா இரண்டு முறை வந்தார். இரண்டு முறையும் அவருக்கு முன்னால் ஆட்டுத் தலை வைத்தோம். இரண்டு முறையும் சாப்பிட்டு, கையேந்தி, "சட்டம் சுலபமா வரட்டும்" என்று நல்லபடியாக ஆசி சொல்லி, முகத்தைத் தடவிக்கொண்டு கிளம்பினார். அம்மா அடுப்படியில் என்னிடம், "கல்யாணத்துக்கு வளத்த ஆட்டுல ரெண்டு போயிடுச்சு. இன்னும் ரெண்டு நாள் இந்தச் சட்டம் வரலன்னா மருமக வோல்காவுல வருவா, ஆனா வெறும் நூடுல்ஸ்தான் சாப்பிடுவா" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை குதிரை. இதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை, நீங்கள் சிரிக்கக் கூடாது. மனிதர்கள் இழுத்து வராததைக் குதிரை இழுத்தால் வரும் என்று அப்பா முடிவு செய்தார். கண்ணாடி இருந்த ஓட்டை வழியாகக் கயிற்றை விட்டுச் சட்டத்தில் கட்டி, மறுமுனையை நம் பழுப்புக் குதிரையின் சேணத்தில் கட்டினார். இழுக்கும் விசை சட்டத்தில் மட்டும் நிற்காது, வண்டிக்கும் சக்கரம் இருக்கிறது என்று நான் சொல்ல நினைத்தேன். வாய் வரை வந்தது, அதற்குள் "டிப்ளமா, தள்ளி நில்லு" என்றார்கள். குதிரை ஒரே பாய்ச்சல். ஹேண்ட்பிரேக் கைப்பிடி அம்மாவின் கிண்ணத்தில் இருந்தது. வோல்கா முற்றத்தைத் தாண்டி, வேலியைத் தாண்டி, பக்கத்து வீட்டு சாத்தார் அங்கிளின் வைக்கோல் போருக்குள் மூக்கை நுழைத்து நின்றது. சாத்தார் அங்கிள் டீக் கிண்ணத்தோடு வெளியே வந்து நிதானமாகப் பார்த்தார். "என்ன ஜூமாபெக், பொண்ணக் கூட்டிட்டு வர இப்பவே கெளம்பிட்டியா? இன்னும் இருபது நாள் இருக்கே!" என்றார். பிறகு தன் வெள்ளை ஜீப்பின் மேல் கையை வைத்து, "வேணும்னா சொல்லு, இது சும்மாதான் நிக்குது" என்றார். அவர் நல்ல மனதோடுதான் சொன்னார். ஆனால் அப்பாவின் காது மடல் இரண்டும் சிவந்ததை நான் பார்த்தேன். எல்லோருமாக வண்டியைத் திரும்ப முற்றத்துக்குத் தள்ளிவந்தோம். இவ்வளவுக்கும் சட்டம் ஒரு விரல்கூட நகரவில்லை.

"என் தம்பிக்கு ஒரு போன் போடுங்களேன், அவனுக்கு இதுதான தொழிலு" என்று அம்மா சொல்லிப் பார்த்தார். "உன் தம்பிகிட்ட கேக்குறதுக்கு இத வெட்டியே எடுத்துடுவேன்" என்றார் அப்பா. கோபத்தில் சொன்னதுதான். ஆனால் எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டார். ஆகவே வெட்டியாக வேண்டும். திங்கட்கிழமை கிரைண்டரை இரவல் வாங்கிவந்துவிட்டார். சனிக்கிழமை காலை டீ முடிந்ததும் நடுவில் வெட்டப் போகிறார்கள். வெட்டினால் அதை மறுபடி ஒட்டவைக்க ஊரில் ஆளில்லை, வேறு சட்டம் தேடினால் கல்யாணத்துக்குள் கிடைக்காது என்று கெங்கெஷ் சொல்கிறார். அப்பாவுக்கும் அது தெரியும். இன்று காலை பால் கறக்கப் போனபோது பார்த்தேன், சீட் இல்லாத வண்டிக்குள் ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து, பழைய துணியால் அந்தச் சட்டத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். சனிக்கிழமை வெட்டப்போகிற பொருளை யாராவது துடைப்பார்களா, மாமா?

விஷயம் இவ்வளவுதான். உங்களுக்குத் தெரிந்திருக்கட்டும் என்றுதான் எழுதினேன், வேறு ஒன்றும் இல்லை. எனக்கு வண்டியைப் பற்றி எதுவும் தெரியாது. அத்தைக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பைச் சொல்லுங்கள். உங்கள் பட்டறைக் கதவு எப்போதும் திறந்திருக்கட்டும், வருகிற வண்டி எல்லாம் தன் காலால் திரும்பிப் போகட்டும். அம்மா ஒரு பை குருத் கொடுத்திருக்கிறார். அதில் எல்லாமே குருத்தானா என்று நான் ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டேன்.

பணிவுடன்,
பெர்மெத்

பின்குறிப்பு: மாமா, மேலே எழுதியதில் சட்டம் கழலாது என்பது உண்மையில்லை. நேற்று மதியம் அதைக் கழற்றிவிட்டேன்.

எல்லோரும் சாத்தார் அங்கிளின் பேரனைத் தொட்டிலில் போடும் விருந்துக்குப் போயிருந்தார்கள். என்னைப் பாலுக்குக் காவலாக வீட்டில் விட்டிருந்தார்கள். ஐந்து நாள் டார்ச் பிடித்ததில், சட்டம் ஆடும்போதெல்லாம் ரேடியோ பள்ளத்தைச் சுற்றித்தான் ஆடுகிறது என்று எனக்குத் தெரிந்திருந்தது. கையை விட்டேன். மேல் பக்கமாக ஒரு போல்ட் தட்டுப்பட்டது. பத்தொன்பதாம் நம்பர் ஸ்பானர். அது வோல்கா போல்ட்டே இல்லை, டிராக்டர் போல்ட். அதற்கு அடியில் சேணத் தோலில் வெட்டிய ஒரு வாஷர், சட்டம் கடகடக்காமல் இருப்பதற்காக. இந்த ஊரில் எதையும் தோல் துண்டு வைத்து இறுக்குகிறவர் ஒருவர்தான். வோல்காவில் அங்கே போல்ட் கிடையாது என்று பெய்ஷெனாலி தாத்தா சொன்னது சரிதான். இந்த வோல்காவில் மட்டும் உண்டு, அவரே போட்டார், போட்டதை மறந்துவிட்டார். போல்ட் வந்ததும் சட்டம் தூங்குகிற குழந்தை மாதிரி என் மடியில் வந்து விழுந்தது. பதினைந்து நிமிடம்கூட ஆகவில்லை.

பிறகு சட்டத்தைப் பழையபடி மாட்டி, போல்ட்டை முன்பைவிட நன்றாக இறுக்கிவிட்டேன். பால் பொங்கிவிட்டது, அதற்குத் திட்டு வாங்கினேன். சட்டத்தைப் பற்றி நான் எப்படிச் சொல்வது? கல்யாணத்துக்கு ஆசி சொல்லப்போகிறவரை ஊர் முன்னால் மறதிக்காரர் ஆக்க முடியாது. அப்பாவும், "உன்ன யாரு தொடச் சொன்னா?" என்றுதான் முதலில் கேட்பார்.

அக்கா பிள்ளை கேட்டால் தாய்மாமன் இல்லை என்று சொல்லக் கூடாது. அந்த உரிமையில் உலான் அண்ணன் உங்களிடம் ஒரு குதிரைக்குட்டி, ஒரு சேணம், ஒரு போன் வாங்கிவிட்டான். நான் இதுவரை எதுவும் கேட்டதில்லை. இப்போது கேட்கிறேன். வெள்ளிக்கிழமை மாலைக்குள் நீங்களாகவே அப்பாவுக்கு போன் செய்யுங்கள். வழக்கம்போலக் கேலி செய்யுங்கள், மச்சான் கேலி செய்தால் அப்பாவுக்கு அவமானம் இல்லை. பேச்சோடு பேச்சாக, "சில வோல்காவுல ரேடியோவுக்குப் பின்னால ஒரு போல்ட் இருக்கும் அத்தான், செஞ்ச ஃபாக்டரிக்காரனுக்கே தெரியாது" என்று சொல்லுங்கள். தாத்தாவின் பேரை எடுக்க வேண்டாம்.

இன்னும் ஒன்று. அந்தச் சந்துக்குள் அப்பாவின் கை நுழையாது, அண்ணன் கையும் கெங்கெஷ் கையும் நுழையாது, இது பொய் இல்லை. அதனால், முற்றத்தில் இருக்கிற எல்லோருக்கும் கேட்கும்படி சத்தமாக, "ஸ்பானர பெர்மெத் கிட்ட குடுங்க" என்று சொல்லிவிடுங்கள், மாமா.