லினக்ஸ் கெட்டிமேளம்

மாப்பிள்ளை மணையில் உட்கார்ந்தாயிற்று. முகூர்த்தம் முடிய இன்னும் இருபது நிமிடம். பெண்ணின் அப்பா பரணிதரன் மேடையோரம் லேப்டாப்பும் கையுமாகக் குந்தி, வேர்த்துக் கொட்டிக்கொண்டிருந்தார். மண்டபத்துப் புளூடூத் ஸ்பீக்கர் வாயையே திறக்கவில்லை.

மேளக்காரர்கள் வேண்டாம் என்றவரே அவர்தான். "நாதஸ்வரம், தவில் எல்லாம் என் லினக்ஸ்ல இருக்கு" என்று பத்திரிகை வைத்த வீட்டிலெல்லாம் ஒரு சொற்பொழிவையும் வைத்துவிட்டு வந்திருந்தார். லேப்டாப்புக்கே 'லினக்ஸ் பரணிதரன்' என்று பெயர் சூட்டியவர்.

"நேத்து நல்லாத்தானே பாடிச்சு, பாவா?" என்றான் மச்சினன் கந்தன்.

"காலைல அப்டேட் போட்டேன். விண்டோஸ்ங்கறது வாடகை வீடுடா. லினக்ஸ் சொந்த வீடு. அப்பப்போ நாமதான் வெள்ளையடிக்கணும்."

"முகூர்த்தத்தன்னிக்கு எவனாவது வெள்ளையடிப்பானா?"

பரணிதரன் காதில் வாங்கவில்லை. ஆடியோ சர்வீஸை நிறுத்தி எழுப்பினார். லேப்டாப்புக்கு இருந்த சொந்தக் குரலும் போயிற்று. பழைய இணைப்பை அழித்துவிட்டுப் புதிதாகத் தேடினார். ஸ்பீக்கரின் பெயர் இரண்டு முறை வந்தது.

"அப்டேட் கோளாறு. ஒண்ணையே ரெண்டா காட்டுது" என்று மேலே இருந்ததை அழுத்தினார். 'இணைந்தது' என்றது திரை. ஸ்பீக்கர் மௌன விரதத்தைக் கைவிடவில்லை.

நாதஸ்வரத்தைத் தட்டினார். அதே நேரம் பக்கத்து மண்டபத்தில் நாதஸ்வரம் கணீரென்று கிளம்பியது.

"பாருங்க, அங்க ஆள வச்சிகினு எவ்ளோ ஜோரா வாசிக்கிறாங்க!" என்றாள் மனைவி அனுசுயா. "இங்க எம்பொண்ணு கழுத்த நீட்டிகினு குந்தியிருக்குது."

"அது ஒரு வாசிப்பா? சுருதியே சேரல. கூலிக்கு மாரடிக்கிறானுங்க."

சத்தத்தை நூற்றைம்பது சதவீதத்துக்கு ஏற்றி, கடைசி அஸ்திரமாகக் கெட்டிமேளத்தை அழுத்தினார். இங்கே ஊசி விழுந்தால் கேட்கும். அங்கே சுவரே அதிர்ந்தது.

"அவங்க தாலியே கட்டியாச்சு போல" என்றான் கந்தன்.

ஐயர் கடிகாரத்தைப் பார்த்தார். மணப்பெண் மோனிஷா அப்பாவைப் பார்த்தாள். அனுசுயா சமையற்கட்டைப் பார்த்துக் கத்தினாள்:

"பூபாலண்ணா! அண்டாவத் தூக்கிகினு வாங்க!"

சமையல்காரர் பூபாலன் கரண்டியால் அண்டாவில் போட்டார் ஒரு போடு. சொந்தபந்தம் மொத்தமும் தட்டு, டம்ளர், தண்ணீர்க் குடம் என்று கையில் கிடைத்ததையெல்லாம் தட்டியது. சிரிப்பில் மணப்பெண்ணின் கழுத்து குலுங்க, மாப்பிள்ளை மூன்று முடிச்சையும் ஒருவழியாகப் போட்டுமுடித்தார். அட்சதை பறந்தது.

பரணிதரன் சத்தமில்லாமல் லேப்டாப்பை மூடினார். அப்போது வாசலில் ஒரு பெரியவர் மூச்சிரைக்க வந்து நின்றார்.

"நான் பக்கத்து மண்டபத்துப் பொண்ணோட அப்பா, தணிகைவேல். இங்க லினக்ஸ் பரணிதரன்னு யாருங்க? எங்க ஸ்பீக்கர்ல அந்தப் பேருதான் ஓடிச்சு."

பரணிதரன் கந்தனின் முதுகுக்குப் பின்னால் நகர்ந்தார். பாவாவின் தோளைப் பிடித்து முன்னால் தள்ளிவிட்டான் கந்தன்.

தணிகைவேல் அவருடைய இரண்டு கைகளையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"பைக் சாவி கைக்கு வந்தாதான் கட்டுவேன்னு மாப்ள ஒரு மணி நேரமா தாலிய வச்சிகினு அடம் புடிச்சான் சார், உங்க கெட்டிமேளம் கேட்டதும் பதறிப்போயி கட்டிட்டான்!"