ஆளை வெட்டாத கேபி பாய்

உத்தமபாளையத்திலிருந்து வெளிநாடு போன முகம் எதுவும் கேபி பாயின் கையில் சுருங்காமல் போனதில்லை. பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, மாடியில், ஐந்து கம்ப்யூட்டரும் ஒரே ஒரு டெலிபோன் லைனும் வைத்து பிரவுசிங் சென்டர் நடத்தினார். டிஜிட்டல் கேமரா அப்போதுதான் எங்கள் பக்கம் வந்திருந்தது. ஸ்டுடியோக்காரர்கள் சிடியில் போட்டுத் தரும் படம் ஒவ்வொன்றும் பூதம் மாதிரி இருக்கும். அப்படியே மெயிலில் அனுப்பினால் அரைமணி நேரம் முக்கிவிட்டுத் திரும்பி வந்துவிடும். அதன் அளவை நூறு கேபி, எண்பது கேபி என்று குறைத்து அனுப்புவதுதான் பாயின் தொழில். அவருடைய சொந்தப் பெயரை நாங்கள் யாரும் கேட்டுக்கொண்டதில்லை.

ஆனால் லேசில் குறைத்துவிட மாட்டார். படத்தை யார் பார்க்கப் போகிறார்கள், அவர்களுக்குக் கண் எப்படி என்றெல்லாம் விசாரிப்பார். ஏலக்காய் வியாபாரி ஒருவர் சரக்கைப் படமெடுத்து வந்து, "சீக்கிரம் போகணும், நல்லாக் குறைச்சு விடுங்க பாய்" என்றார்.

"இதுக்கு மேல குறைச்சா வாங்குறவக மிளகுன்னு நெனைச்சு வெல சொல்லிருவாக. பரவால்லயா?"

வியாபாரி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

இன்னொரு நாள் ஓர் அம்மா மகனுக்குப் பெண் பார்க்க அவன் படத்தைக் கொண்டுவந்தார். "இடுப்பை மட்டும் கொஞ்சம் சுருக்கிருங்க பாய்."

பாய் சிரிக்கவே இல்லை. "நான் கேபிதேன் குறைப்பேன் ஆத்தா. கிலோ குறைக்க மாட்டேன்."

படத்தில் இருக்கும் ஆளை வெட்டவும் மாட்டார். குடும்பப் படத்தில் ஓரமாக நிற்கும் சித்தப்பாவை எடுத்துவிடச் சொன்னால், "அவுகளும் உங்க கூடத்தானே நின்னாக?" என்று சிடியைத் திருப்பிக் கொடுத்துவிடுவார். அதில் அவருக்குச் சில வாடிக்கைக்காரர்கள் போனதுண்டு.

ஒரு நாள் மத்தியானம், நான் வேலைக்கு விண்ணப்பம் நிரப்பிக்கொண்டிருந்தபோது, அனுமந்தன்பட்டியிலிருந்து ஒரு பெண் தன் அண்ணனோடு படியேறி வந்தாள். கையில் சிடி. அண்ணன்தான் விஷயத்தைச் சொன்னார். அவள் கணவன் சவுதியில் வேலை பார்க்கிறான். முந்தின நாள் அவன் போன வேன் கவிழ்ந்து தீப்பிடித்துவிட்டது. காகிதமெல்லாம் எரிந்துபோக, அடையாளம் தெரியாமல் இரண்டு பேர். ஒருவர் இறந்துவிட்டார். மற்றவர் முகமெல்லாம் கட்டோடு நினைவில்லாமல் ஆஸ்பத்திரியில் கிடக்கிறார்.

"உடம்புல அடையாளம் தெரியுற மாதிரி போட்டோ உடனே அனுப்பச் சொல்றாக பாய், ஆஸ்பத்திரியில. இருநூறு கேபிக்கு மேல அவுகளுக்கு வராதாம்."

பாய் சிடியைப் போட்டார். கிளம்பும் அன்று வீட்டு வாசலில் எடுத்த படம். பதினாறு பேர். நடுவில் அவன், இடது கையில் மகளைத் தூக்கி வைத்திருந்தான்.

"என்ன தாயி அடையாளம்?"

அவள் திரையில் விரலை வைத்தாள். வலது கையில், மடித்துவிட்ட சட்டைக்கைக்குக் கீழே, மணிக்கட்டிலிருந்து வளைந்து ஏறும் தழும்பு. திராட்சைத் தோட்டத்தில் கொடி நறுக்கும் கவாத்துக் கத்தரி பட்டதாம்.

பாய் குறைத்துப் பார்த்தார். பதினாறு பேரும் இருந்தார்கள், தழும்பைக் காணோம். வேறு அளவு வைத்தார். அப்போதும் காணோம். மவுஸிலிருந்து கையை எடுத்து வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

"தாயி, கைய மட்டும் வெட்டி அனுப்பணும்."

"மூஞ்சி வேணாமா பாய்?" என்றாள்.

"மூஞ்சிய வச்சு அவுகளால ஒண்ணும் பண்ண முடியாதும்மா. கைதேன்." பிறகு குரலைத் தணித்து, "அசல் படம் சிடியில பத்திரமா இருக்கு. யாரும் எங்கயும் போயிரல" என்றார்.

ஒவ்வொருவராக மறைந்தார்கள். கடைசியில் மகளும் போய், அவன் முகமும் போய், திரை முழுக்க ஒரு கை மட்டும் நின்றது.

"எல்லாரும் எந்திரிங்க! லைன் ஒண்ணுதேன் இருக்கு!"

நாங்கள் நால்வரும் எழுந்தோம். என் விண்ணப்பம் பாதியில் போயிற்று. இரண்டு முறை லைன் அறுந்தது. மூன்றாவது முறை படம் போய்ச் சேர்ந்தது.

எழுந்த யாரும் வீட்டுக்குப் போகவில்லை. சாயங்காலம் அசர் தொழுகைக்குப் பாங்கு சொன்னபோதுதான் பதில் வந்தது. பாய் ஒவ்வொரு சொல்லாக விரல் வைத்துப் படித்தார்.

"ஆஸ்பத்திரியில இருக்கிறது உங்க வீட்டுக்காரர்தேன். கை ஒத்துப்போச்சாம். உசுரோட இருக்காக தாயி."

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதாள். அவள் அண்ணன் யாரென்றே தெரியாத என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். பாய் மட்டும் திரையை விட்டுத் திரும்பவில்லை.

"என்ன பாய்?" என்றேன்.

"இன்னொரு ஆளு யாரு பெத்த புள்ளையோ" என்றார்.

மூன்று மாதம் கழித்து அவள் கணவன் ஊன்றுகோலோடு படியேறி வந்தான். பாய் அவனை உட்காரவைத்துக் கேட்ட முதல் கேள்வி இதுதான்: "உங்க கூட வந்த அவரு யாருன்னு தெரிஞ்சுச்சா?"

"ஆந்திராக்காரரு பாய். அவுக வீட்டுல இருந்து போட்டோ வந்து சேர மூணு நாளு ஆயிப்போச்சு."

பாய் கண்ணாடியைக் கழற்றி வெகுநேரம் துடைத்துக்கொண்டிருந்தார்.

மூன்று நாள். அந்த ஊருக்கு ஒரு கேபி பாய் வாய்க்கவில்லை.