ஃபோமட் பிழை

"இனிமேல் இந்த வீட்டுச் சாமான் ஒண்டும் திருத்துறதுக்குக் கடைக்குப் போகாது!"

பதியுதீன் இப்படி அறிவித்தபோது அவருடைய மனைவி பரீனா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். அவள் கண்ணில் தண்ணீர் வந்தது. வெங்காயத்தால்தான் என்று பதியுதீன் நினைத்துக்கொண்டார். அவளுக்கோ போன மாதம் அவர் திருத்திய மின்விசிறி ஞாபகம் வந்திருந்தது. திருத்திய நாளிலிருந்து அது காற்றைக் கூரைக்கு அனுப்புகிறது. வீட்டில் பல்லிகள் மட்டும் நன்றாகத் தூங்குகின்றன.

"இப்ப எந்தச் சாமானுக்கு வினை வந்திருக்கு?" என்று கேட்டாள்.

"உன்ட போனுக்கு."

"அது நல்லாத்தானே இருக்கு?"

"ரபியாட கலியாண வீடியோ அதில ஓடுதா?"

"இல்ல. அதுதான் பாறூக்ட கடைக்குக் குடுப்பம் எண்டு பாக்குறன்."

"தேவையே இல்ல. நான் மாத்தித் தாறன். வீட்டில கொம்பியூட்டர் இருக்கு, எனக்கு ரெண்டு கை இருக்கு."

"அந்த ரெண்டு கையும்தான் எனக்குப் பயம்" என்றாள் பரீனா.

விசயம் இதுதான். ஒரே மகள் ரபியாவுக்குக் கலியாணமாகி இரண்டு மாதம். மருமகனோடு கட்டார் நாட்டுக்குப் போய்விட்டாள். வீடியோக்காரன் கலியாணம் முழுவதையும் நகத்தளவு சிப் ஒன்றில் போட்டுக் கொடுத்திருந்தான். பரீனாவின் போனில் அதைச் செருகினால் திரை கறுப்பாகவே இருந்தது. கனமூலை ஊரில் பரீனாவின் அக்கா ஹவ்வா ராத்தா, கலியாணத்துக்கு முதல் வாரம் கிணற்றடியில் வழுக்கிக் காலை முறித்துக்கொண்டவள், இன்னும் மாவுக்கட்டோடு படுத்திருந்தாள். வளர்த்த பிள்ளையின் கலியாணத்தைப் பார்க்கவில்லையே என்று தினமும் அழுகை. வெள்ளிக்கிழமை போனைக் கொண்டுபோய்க் காட்டுவதாகப் பரீனா வாக்குக் கொடுத்திருந்தாள். அன்று செவ்வாய்.

இதில் பதியுதீனுக்கு ஏன் இத்தனை அக்கறை? அங்கேதான் சூட்சுமம்.

பதியுதீன் புத்தளம் உப்பளத்தில் கங்காணி. மாரி தொடங்கினால் வேலை இல்லை. மற்ற எட்டு மாதமும் நாற்பது பேரை மேய்ப்பவர். அவருக்குக் கருங்கல்லு என்று பட்டப்பெயர். அதைக் கேட்டால் கோபப்படுவது போல் காட்டிக்கொள்வார், உள்ளுக்குள் வெல்லம். மகளை அனுப்பி வைக்கும் நேரத்தில் விம்மிய தன் மச்சானை, "ஆம்பிள அழுறதா? வெக்கமில்லையா?" என்று நாலு பேர் முன்னால் அதட்டினார். அதட்டிவிட்டு மண்டபத்தின் பின்பக்கம் போனார். அங்கே தேங்காய்ச் சிரட்டைக் குவியலுக்குப் பக்கத்தில் நின்று, சஹன் சாப்பாட்டுத் தட்டுக்குக் கீழே விரிக்கும் சீலையால் முகத்தைப் பொத்திக்கொண்டு, ஐந்து நிமிடம் கேவிக் கேவி அழுதார்.

வீடியோக்காரன் அதை எடுத்துவிட்டான். எடுத்ததோடு விட்டானா? மெதுவாக ஓடவிட்டிருந்தான். மேலேயிருந்து ரோசாப்பூ கொட்டவிட்டிருந்தான். அவர் அந்தச் சீலையில் மூக்குச் சிந்துவதை மட்டும் மூன்று தடவை திருப்பிக் காட்டியிருந்தான். சிப்பை வாங்கப் போன அன்று அவனுடைய கொம்பியூட்டரில் அதைத் தற்செயலாகப் பார்த்துவிட்டார் பதியுதீன். அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை.

பாறூக்கின் போன் கடைக்கு அந்தச் சிப் போனால் அசர் தொழுகைக்குள் பசாரே பார்த்துவிடும். நாளைக்கு உப்பளத்தில் யாரையாவது அதட்ட முடியுமா? ஆகவே தானே மாற்றுவது, மாற்றும் சாக்கில் அந்த ஐந்து நிமிடத்தை வெட்டி எறிவது. இதுதான் திட்டம். ஆழம் தெரியாமல் காலை விடுகிறவருக்கு உப்பளத்துத் தண்ணீர் முழங்கால் மட்டும்தான் என்ற பழக்கதோசம்.

ரபியா படிக்கும் காலத்தில் வாங்கிய கொம்பியூட்டரின் பூவேலைத் துணியை அகற்றி, பிஸ்மி சொல்லி உட்கார்ந்தார். வீடியோ மாற்றும் மென்பொருள் ஒன்றை ரபியா முன்பே போட்டு வைத்திருந்தாள். சிப்பைச் செருகி, மாற்றி, மாற்றியதை நேராக அதே சிப்பிலேயே ஏற்றி, போனில் போட்டுப் பார்ப்பது. பிழை வந்தால் அதை அழித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து.

முதல் தடவை சத்தம் வந்தது, படம் வரவில்லை.

"வானொலி நல்லாருக்கு" என்றாள் பரீனா.

இரண்டாம் தடவை படம் வந்தது, சத்தம் வரவில்லை. நிக்காஹ் ஓதும் லெப்பை வாயை வாயை அசைத்தார்.

மூன்றாம் தடவை இரண்டும் வந்தன. ஆனால் எல்லாரும் நெட்டையாகிப் போனார்கள்.

"அல்லாஹ்வே! என்ட மகள் என்ன, கமுக மரமா?"

"கொஞ்சம் இழுபட்டிருக்கு. சரிப்படுத்துறன்."

"மருமகனயும் பாருங்க. அவர்ட தொப்பி வானத்துல முட்டுது."

நான்காம் தடவை, புதன் பின்னேரம், ஆட்கள் அளவுக்கு வந்தார்கள். ஆனால் சத்தம் படத்துக்குப் பின்னால் நொண்டி நொண்டி வந்தது. மாப்பிள்ளை சம்மதமாக 'கபில்து' என்று சொன்ன குரல், அவர் வட்டிலப்பம் தின்னும் வாயிலிருந்து வெளிப்பட்டது.

"இந்த நிக்காஹ் செல்லுமா ரபியாட வாப்பா?" என்று பரீனா கவலையோடு கேட்டாள். "நாளைக்கு யாராவது கேட்டா, மாப்பிள்ள வட்டிலப்பத்தத்தான் ஏற்றுக்கொண்டார் எண்டு சொல்லுவாங்களே?"

"பகிடி பண்ணாத புள்ள. இது தொழில்நுட்பம்."

வியாழன் காலை ஐந்தாம் தடவை. கொம்பியூட்டரில் எல்லாம் சரி. படம் சரி, சத்தம் சரி, ஆள் அளவு சரி. எல்லாவற்றுக்கும் மேலாக, அந்த ஐந்து நிமிடம் இல்லை. மகள் காரில் ஏறுகிறாள். அடுத்த நொடி வெற்று மண்டபம். பதியுதீன் மீசையைத் தடவிக்கொண்டார்.

பரீனா பிளேன்டீயோடு வந்து எட்டிப் பார்த்தாள்.

"மொத்தம் எவ்வளவு நேரம் ஓடும்?"

"ரெண்டே கால் மணித்தியாலம்."

"ரெண்டு மணித்தியாலம் இருவது நிமிசம் எண்டுதானே வீடியோக்காரன் சொன்னான்? அஞ்சு நிமிசம் எங்க போச்சு?"

பதியுதீனுக்குத் தேநீர் புரைக்கேறியது. "அது... போனுக்கு ஏத்த மாதிரிச் சுருக்கினதுதானே. சுருக்கினா குறையும். துணி துவைச்சாச் சுருங்குறல்லயா?"

"ஓம் ஓம்" என்றாள் பரீனா. "சில துணி மூக்குச் சிந்தினாலும் சுருங்கும்."

சொல்லிவிட்டுக் குசினிக்குப் போய்விட்டாள். என்ன சொன்னாள் என்று யோசிக்க பதியுதீனுக்கு நேரமிருக்கவில்லை. சிப்பைப் போனில் போட்டார். திரையில் ஆங்கிலத்தில் ஒரு வரி வந்து நின்றது. எழுத்துக் கூட்டி வாசித்தார். முன்னும் பின்னும் புரியவில்லை. நடுவில் ஒரு சொல் மட்டும் பளிச்சென்று புரிந்தது. ஃபோமட்.

அந்தச் சொல்லை அவருக்கா தெரியாது? தொண்ணூறாம் ஆண்டு சண்டையில் மன்னாரிலிருந்து விரட்டப்பட்டு, உடுத்த உடுப்போடு புத்தளத்தில் வந்து இறங்கிய நாள் தொட்டு அதைக் கேட்கிறார். நிவாரண அட்டைக்குப் போனால், "ஃபோமட் பிழை, திருப்பி எழுதிட்டு வாங்க." வாக்குப் பதியப் போனால், "இது பழைய ஃபோமட்." சண்டை முடிந்து, மன்னாரில் காணியைத் துப்பரவாக்க உதவி கேட்டு விண்ணப்பித்தபோதும் அதே பல்லவி. இருபது வருசத்துக்கு மேல் அரசாங்கக் கந்தோர் கந்தோராக ஏறி இறங்கியவருக்கு அந்தச் சொல்லுக்கு ஒரே அர்த்தம்தான்: விசயம் சரி, எழுதிய விதம் பிழை, ஒழுங்காக எழுதினால் வேலை நடக்கும்.

எனவே போனுக்குள் தேடினார். சிப்புக்கான பகுதியில் அதே சொல் தனியாக ஒரு வரியில் காத்திருந்தது. ஃபோமட். பதியுதீனுக்கு மனம் நெகிழ்ந்துவிட்டது. எந்தக் கந்தோரிலும் 'நானே எழுதித் தருகிறேன்' என்று ஒருவன் சொன்னதில்லை. இந்த மெசின் சொல்கிறதே! அமத்தினார். நிச்சயமா என்பது போல் ஏதோ நீளமாகக் கேட்டது. எந்த மரியாதையுள்ள அதிகாரியும் கேட்பதுதான். ஓம் என்று அமத்தினார்.

இரண்டு நொடி. வேலை முடிந்தது.

சிப்பைத் திறந்தார். சுத்தமாக இருந்தது. மிகச் சுத்தமாக இருந்தது. ஐந்தாம் தடவை மாற்றியது இல்லை. வீடியோக்காரன் கொடுத்த மூலமும் இல்லை. மகள் இல்லை, மாப்பிள்ளை இல்லை, லெப்பை இல்லை, வட்டிலப்பம்கூட இல்லை.

வீடியோக்காரனுக்கு அழைப்பு எடுத்தார். அவன் தன்னிடமிருந்ததை அழித்து ஒரு மாதம் ஆகிறதாம். அடுத்தடுத்த கலியாணத்துக்கு இடம் வேண்டாமா என்று கேட்டான்.

பரீனாவுக்குச் சொல்லாமல் சட்டையை மாட்டிக்கொண்டு, எந்தக் கடைக்குப் போகக் கூடாது என்று மூன்று நாள் மல்லுக்கட்டினாரோ அந்தக் கடைக்கே ஓடினார். வழியில் தூறல். பள்ளிவாசல் மூலையில் நின்ற இரண்டு பேர் வழக்கத்துக்கு மாறாக அன்பாக ஸலாம் சொன்னார்கள். ஒருவர் தோளில்கூடத் தட்டினார். பாறூக்கும் அவரைக் கண்டவுடன் எழுந்து கதிரையைத் துடைத்துப் போட்டான். ஏன் இந்த உபசாரம் என்று பதியுதீனுக்கு விளங்கவில்லை.

பாறூக் அரை மணித்தியாலம் சிப்போடு போராடிப் பார்த்தான். பிறகு தலையை ஆட்டினான்.

"பதியுதீன் நானா, சிப்பிக்குள்ள முத்தாவது இருக்கும். உங்கட சிப்புக்குள்ள ஒண்டுமே இல்ல. கழுவிக் கவுத்த பீங்கான்."

"வேற வழியே இல்லையா தம்பி?"

"ஒரு வழி இருக்கு."

"சொல்லு!"

"வீட்ட போய் மதினிக்கிட்ட உண்மையச் சொல்லுங்க."

அதைவிட வில்பத்துக் காட்டில் போய் யானையிடம் நின்று சொல்லலாம் என்று பதியுதீனுக்குத் தோன்றியது.

வீட்டுக்கு நடந்தார். பரீனா சத்தம் போடுவாள் என்ற பயம் மெல்ல மெல்லக் கரைந்து, வேறொன்று நெஞ்சில் ஏறி உட்கார்ந்தது. அவர்கள் இருவருடைய கலியாணப் படம் ஒன்றுகூட இல்லை. இருந்த ஒரே படத்தையும் மன்னார் வீட்டுச் சுவரில் மாட்டியபடியே விட்டு வந்தாயிற்று. எடுத்திருக்கலாமே, எடுத்திருக்கலாமே என்று பரீனா முதல் ஐந்து வருசம் சொல்லிச் சொல்லி, பிறகு சொல்வதை நிறுத்திவிட்டாள். இப்போது மகளுடைய கலியாணத்தையும் தன் கையாலேயே அழித்தாயிற்று. தன் மூக்கைக் காப்பாற்றப் போய்.

பரீனா வாசலில் நின்றாள். மேசையில் போன் இருந்தது.

"இஞ்ச பரீனா" என்று தொடங்கினார். "சிப்புல... ஃபோமட் பிழை எண்டு வந்திச்சு. நான் சரியாக்கினன். சரியாக்கினதில..."

"எல்லாம் போயிட்டா?"

ஓம் என்று தலையை ஆட்டினார்.

பரீனா உள்ளே போனாள். அலுமாரிக் கதவு கிறீச்சிட்டது. திரும்பி வந்து அவர் கையில் ஒரு சிறிய பொட்டணத்தை வைத்தாள். காணி உறுதி, பாஸ்போட், பிறப்புச் சாட்சிப் பத்திரங்களோடு அவள் கட்டி வைத்திருக்கும் பொட்டணம். பிரித்தார். உள்ளே இரண்டு சிப்.

"ஒண்டு வீடியோக்காரன் தந்த அசல். மத்தது போன்ல ஓடுற மாதிரிப் பாறூக் போன கிழமை மாத்தித் தந்தது. உங்களுக்குத் தந்தது வெறும் கொப்பி."

"அப்ப... போன கிழமையே ஓடினதா?"

"ஓம். தொண்ணூறில ஒரே ஒரு படத்த வெச்சிருந்து தொலைச்சவள் நான். அதுக்குப் பிறகு இந்த வீட்டில எதையும் ஒண்டு மட்டும் வெச்சிருக்கிறல்ல. நீங்க ஒராள்தான் கொப்பி இல்லாத சாமான்."

"பின்ன ஏன் புள்ள என்னை மூணு நாள் இருத்தி வெச்ச?"

"மாரி காலம். நீங்க தண்ணி மோட்டரச் சுத்திச் சுத்தி வந்துகொண்டிருந்தீங்க. இந்த மூணு நாளும் அது உயிர் தப்பிச்சுத்தானே? அதோட, எந்த இடத்த வெட்டுவீங்க எண்டு எனக்குப் பாக்கணும்."

"பாத்திட்டியா?"

"உப்பளத்தில கிடக்கிற மனிசன். கண்ணில கொஞ்சம் உப்புத் தண்ணி வந்தா என்ன வெக்கம்? அதுதான் இந்த வீடியோவிலயே நல்ல இடம். பாறூக்கும் கண்ணத் தொடைச்சிட்டுத்தான் தந்தான். கடையில நிண்ட ஆக்களும்தான்."

பள்ளி மூலை ஸலாமும் தோள் தட்டலும் கதிரையும் அப்போதுதான் பதியுதீனுக்கு விளங்கின. கோபம் வர வேண்டிய இடம் அது. வரவில்லை. மகள் இருக்கிறாள். கலியாணம் இருக்கிறது. எதுவும் தொலையவில்லை. மூன்று நாளாக, இல்லை, இருபது வருசத்துக்கு மேலாக நெஞ்சில் ஏறியிருந்த ஏதோ ஒன்று சட்டென்று இறங்கியது. "அல்ஹம்துலில்லாஹ்" என்று சொல்ல வாயெடுத்தவர், பாதியிலேயே உடைந்துபோனார். கதிரையில் விழுந்து, மேசைச் சீலையின் முனையை இழுத்து முகத்தைப் பொத்திக்கொண்டு, கருங்கல்லு கேவிக் கேவி அழுதது.

பரீனா ஆறுதல் சொல்லப் பக்கத்தில் வருகிறாள் என்றுதான் நினைத்தார். ஒரு சத்தமும் இல்லை. சீலையை விலக்கிப் பார்த்தார். நாலடி தள்ளி நின்று, போனை இரண்டு கையாலும் நேராகப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"நிப்பாட்டாதீங்க, நல்லா அழுங்க" என்றாள் பரீனா. "இது போன்லயே எடுக்கிறது. ஃபோமட் பிழை வராது."