தலைவர் பார்த்த காற்று

காற்றைக் கண்ணால் பார்த்த முதல் மனிதர் கற்பிட்டிக்காரர் என்பதை உலகம் இன்னும் முறைப்படி ஒப்புக்கொள்ளவில்லை. அவர்தான் றிப்னாஸ். வெளிநாட்டுப் பயணிகளைப் பவளப்பாறை பார்க்கக் கடலடிக்கு அழைத்துச் செல்லும் நிலையத்தின் 'தலைவர்'. படகு மைத்துனன் அஸாமுடையது. சிலிண்டர்களும் அவனுடையவை. நிலையம் நடக்கும் வீடு மனைவி நிஸ்மியாவின் சீதனம். தலைவர் பதவி மட்டும் றிப்னாஸின் சொந்த உழைப்பு.

காற்றை அவருக்குக் காட்டியது கத்தாரிலிருந்து வந்த ஒரு கருவி, பார்வைக்குக் கைக்கடிகாரம். சிலிண்டரின் வாயில் பூட்டிய பெருவிரல் அளவு 'அனுப்பி' ஒன்று, உள்ளே எவ்வளவு காற்று மிஞ்சியிருக்கிறது என்பதைக் கம்பியில்லாமலே அதற்குச் சொல்லிக்கொண்டிருக்கும். றிப்னாஸ் அதைக் கட்டிக்கொண்டு ஒரு கலியாண வீட்டுக்குப் போனார். பலர் கூடி உண்ணும் சஹன் தட்டைச் சுற்றி உட்கார்ந்தவர்களுக்கு இடக்கையை நீட்டி நீட்டி விளக்கியதில், இறைச்சித் துண்டெல்லாம் மற்றவர்கள் வாய்க்குப் போனது. அவர் பொருட்படுத்தவில்லை.

மறுநாள் பொதுக்கூட்டம் கூடியது. சமுகமளித்தோர்: தலைவர், அஸாம், தேநீர் கொண்டுவந்த நிஸ்மியா. சிலிண்டரோடு தொங்கிக் காற்றின் அளவைக் காட்டும் பழைய ஊசி மானியைப் பார்ப்பது இனிமேல் பிற்போக்கு என்று 'ஏகமனதாக' முடிவாயிற்று.

"அப்ப மூச்சு முட்டினா?" என்றாள் நிஸ்மியா.

"கடிகாரம் சொல்லும்."

"முட்டுதா இல்லையா எண்டு ஒங்களுக்கே தெரியாதா?"

அந்தக் கேள்வி நிகழ்ச்சி நிரலில் இல்லாததால் நிராகரிக்கப்பட்டது.

வெள்ளோட்டத்தன்று படகில் அஸாம் ஒரு நல்ல காரியம் செய்தான். தலைவர் வாயில் கவ்வும் குழாய் கடிபட்டுத் தேய்ந்திருந்தது. அக்காளின் மாப்பிள்ளைக்குத் தேய்ந்ததைக் கொடுத்துவிட்டுத் தான் புதியதை மாட்டிக்கொள்ள எந்த மைத்துனனுக்கு மனம் வரும்? சொன்னால் மறுப்பார் என்று சொல்லாமலே தன் சிலிண்டரையும் புதுக் குழாய்களையும் அவர் முதுகில் ஏற்றிவிட்டு, அவருடையதைத் தான் சுமந்துகொண்டான். அந்த மரியாதையோடு அனுப்பியும் அவன் முதுகுக்குப் போய்விட்டது. பிடரிக்குப் பின்னால் நடப்பது எந்தத் தலைவருக்குத் தெரிந்திருக்கிறது?

கடலடியில் றிப்னாஸ் மீனைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார், பிறகு மீனை விட்டுவிட்டுக் கடிகாரத்தையே பார்த்தார். கரையில் கதைக்கும் வேகத்தில் கீழேயும் மூச்சு இழுப்பவர் அவர். அப்படியிருந்தும் காற்று மெல்லத்தான் குறைந்தது. தலைமைக்கு இயற்கை காட்டும் சலுகை என்று எடுத்துக்கொண்டார். இடுப்பில் ஊசி மானி வந்து இடித்தது. தீர்மானத்தை மதித்து அதைத் தள்ளிவிட்டார்.

பிறகு மூச்சு இறுகியது. இழுத்தார், பாதிதான் வந்தது. காற்று இருக்கிறது என்றது கடிகாரம். இல்லை என்றது நெஞ்சு. நெஞ்சு ஊர்ச் சாமான், கடிகாரம் வெளிநாட்டுச் சாமான். அவர் கடிகாரத்தை நம்பினார். என்னவென்று கையசைத்துக் கேட்ட அஸாமுக்கு, எல்லாம் நலம் என்று விரலை வளைத்துக் காட்டினார்.

அடுத்த இழுப்பில் ஒன்றுமே வரவில்லை. றிப்னாஸ் பயந்து போனார். செத்தாலும், காற்று இருக்கச் செத்தவன் என்றுதானே ஊர் சொல்லும் என்ற வெட்கம் பயத்தைவிடப் பெரிதாக இருந்தது.

அஸாம் பாய்ந்து வந்து தன் உபரிக் குழாயை அவர் வாயில் திணித்தான். ஒரே சஹனில் சாப்பிடுகிறவர்களைப் போல இருவரும் ஒரே சிலிண்டரில் மூச்சுவிட்டபடி மெல்ல ஏறினார்கள். அப்போதுதான் கடிகாரத்தில் எண்கள் மளமளவென்று விழுந்தன.

படகில் ஏறியதும் அஸாம் தன் முதுகிலிருந்த அனுப்பியைக் கண்டு தலைகுனிந்தான். "பிழை என்னிலதான் மச்சான். இவ்வளவு நேரமும் நீங்க பாத்துக்கிட்டிருந்தது என்ட காத்து."

அன்று பின்னேரம் அவசரக் கூட்டம். கருவியைத் திருப்பி அனுப்பிவிடலாம் என்று அஸாம் பிரேரித்தான். தலைவர் கடிகாரத்தைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"அதுல ஒரு பிழையும் இல்ல. நான் யாருட காத்துல சீவிக்கிறன் எண்டு இந்த ஊட்டுல எல்லாருக்கும் தெரியும். என்ட முகத்துக்கு நேரே சொன்னது இது மட்டுந்தான்."

நிஸ்மியா உடனே வழிமொழிந்தாள்.