துகள் சார் கெடுக்கப் பார்த்த கல்யாணம்

ராமநாதபுரம் சீமையிலேயே தன் கல்யாணத்தைத் தர்க்கம் பேசிக் கெடுக்கப் பார்த்த ஒரே மாப்பிள்ளை எங்கள் துகள் சார்தான்.

கல்லூரியில் இயற்பியல் வாத்தியார். வயது நாற்பத்திரண்டு, பார்த்த பெண்கள் பதினொன்று, அமைந்தது பூஜ்யம். அங்கே ஓய்வுபெற்ற மூவர்தான் நண்பர்கள்: ராமநாதபுரத்தில் நான், பாம்பனில் ஒருவர், உப்பூரில் ஒருவர். ஞாயிறுதோறும் எங்களுக்குத் தனித்தனியாகப் போன் போட்டு, 'கடலா?' என்றோ 'கரையா?' என்றோ கேட்பார். 'ஆமா', 'இல்ல' இரண்டில் ஒன்று சொல்ல வேண்டும். நாங்கள் ஜெயிக்க, மூவருக்கும் 'கடல்' வந்தால் 'ஆமா'க்கள் மொத்தம் இரட்டைப்படையாக வர வேண்டும், பூஜ்யமும் சேர்த்தி. ஒருவருக்கு மட்டும் 'கடல்', மற்ற இருவருக்கும் 'கரை' என்றால் ஒற்றைப்படை. அடுத்தவருக்கு என்ன கேள்வி என்பது தெரியாது.

"என்ன வேணா முன்னாடியே பேசி வச்சுக்கங்கண்ணே. எங்கனயாச்சும் மாட்டுவீக. குவாண்டம் கணக்குல ஒண்ணோடொண்ணு பின்னிக் கெடக்குற மூணு துகள் மட்டும் தூரதூரமா இருந்தும் தோக்காது. அதுக பேசியும் வைக்காது, போனும் பண்ணாது" என்பார் சார்.

பேசி வைக்க அறுபத்துநான்கு வழிகள். அத்தனையும் போட்டுப் பார்த்தேன், அத்தனையும் உதைத்தது. ரத்த அழுத்தம் ஏறியதுதான் மிச்சம்.

பன்னிரண்டாவது பெண் முதுகுளத்தூர். சாருக்கு மிகவும் பிடித்துவிட்டது. சட்டைக்கு இஸ்திரி போட்டதே அப்போதுதான். பெண்ணின் அண்ணன் விசாரிக்க வருகிறார் என்றதும் நாங்கள் மூவரும் பேசி வைத்துக்கொண்டோம். மூன்று ஊரிலும் ஒரே பதில்: "தங்கமான மனுசன்." அண்ணன் குளிர்ந்துபோய் சார் வீட்டில் காப்பி குடித்தார். நானும் இருந்தேன்.

"மூணு பேரும் ஒரே வார்த்தையா சொன்னாக?" என்றார் சார்.

"ஆமா மாப்ள."

"அப்பப் பேசி வச்சிருக்காக. நம்பாதீக."

அண்ணன் பாதிக் காப்பியோடு எழுந்து போனார்.

"யோவ், கெடுத்துட்டியேய்யா!"

"பொய்ய நம்பியா அந்தப் பொண்ணு வரணும்?" என்றவர் அன்று சாப்பிடவே இல்லை.

மூன்றாம் நாள் எனக்கு அண்ணனின் போன். "சார், நெசத்தச் சொல்லுங்க. ஆளு கிறுக்கா?"

"கிறுக்குத்தான். ஆனா என் மகளா இருந்தாக் குடுப்பேன்."

சிரித்தார். "பாம்பன்லயும் உப்பூர்லயும் இதத்தான் சொன்னாக. தங்கச்சியும் 'தனக்கு நட்டம்னாலும் உண்மை சொல்றாரே, அவரே போதும்'ங்குறா. நாள் பாத்துருவோம்."

இந்த முறை சத்தியமாக நாங்கள் பேசி வைக்கவில்லை. சாரிடம் ஓடினேன். "பாத்தியாய்யா, ஒன் துகளுக மாதிரியே நாங்களும்!"

"இதுல என்னண்ணே அதிசயம்? மூணு பேரும் ஒண்ணுபோலச் சொன்னா, மூணு பேருக்கும் பொதுவா ஒரு காரணம் இருக்கும். அம்புட்டுத்தான்."

இருந்தது. அது என்னவென்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் கண்ணாடியை எடுத்துக் காட்டியிருப்பேன்.