பிடித்த பிடியை விடாத கிளட்ச்

என் காருக்கு நானே இன்ஜின் மாற்றுவது என்று நான் முடிவெடுத்தது கோபத்தில். காரணம் எதிர்வீட்டுக்காரர். எங்கள் தெருவில் அவருக்கு 'ஆலோசனை' என்று பெயர். கேட்காமலே கொடுப்பார். என் பழைய இன்ஜின் புகையைக் கக்கிவிட்டு உயிரை விட்ட அன்று, அவர் எங்கள் கேட்டில் சாய்ந்துகொண்டு, "சார், இதெல்லாம் தெரிஞ்சவங்க பண்ற வேலை" என்றார்.

எனக்கு ஜிவ்வென்று ஏறிவிட்டது.

"நானே பண்றேன், பாருங்க!"

"பாக்கறேன்" என்றார். சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிற மனிதர். தினமும் வந்து பார்த்தார்.

காயலான் கடையிலிருந்து அதே மாதிரிக் காரின் இன்ஜின் ஒன்றைக் கொண்டுவந்தேன். நான் இன்ஷூரன்ஸ் ஆபீசில் நாற்காலி தேய்ப்பவன். ஆனாலும் போனில் படம் பார்த்துப் பார்த்து, திட்டித் திட்டி, பழையதை இறக்கிப் புதியதை ஏற்றிவிட்டேன். கைவிரல்களில் தோல் இல்லை. வாயில் நல்ல வார்த்தை இல்லை.

என் மனைவி ஒரு பெரிய ரொட்டி பேக்கரியில் வேலை பார்க்கிறாள். புதுக் கிளை திறக்கிறார்கள். அதற்குத் தலைமை யார் என்று முடிவு செய்ய முதலாளிகள் வருகிறார்கள், இவளோடும் இன்னொருவரோடும் பேசப்போகிறார்கள் என்றாள்.

"அன்னிக்கு நானே கார்ல கொண்டுபோய் இறக்கறேன். உன்னைக் கூப்பிட வர்ற பேக்கரி வேனை வரவேண்டாம்னு சொல்லிடு" என்றேன்.

"நிச்சயமா?"

"என் பேச்சுல உனக்கு நம்பிக்கை இல்லையா?"

அவள் போன் செய்து வேனை வேண்டாம் என்றாள்.

அந்தக் காலை வந்தது. சாவியைத் திருப்பினேன். இன்ஜின் பொங்கி எழுந்தது! ஆஹா, என்ன குரல்! ஆலோசனை கேட்டுக்கு வந்துவிட்டார். நான் அவரைப் பார்க்காத மாதிரிப் பார்த்துக்கொண்டே கிளட்சை மிதித்தேன். கியரைத் தள்ளினேன்.

கரகரகரவென்று ஒரு சத்தம். இரும்புக் கடையைத் தலைகீழாகக் கவிழ்த்த மாதிரி.

மறுபடி மிதித்தேன். மறுபடி கரகர. கிளட்ச் பெடலை மிதித்தால் இன்ஜின், கியர்பாக்ஸின் கையை விடவேண்டும். அதுதான் அதன் ஒரே வேலை. இது விடவில்லை. இன்ஜினை நிறுத்தினால் கியர் வெண்ணெயாக விழுகிறது. ஓடவிட்டால் விழமாட்டேன் என்கிறது.

இஸ்திரி போட்ட சேலையும் கைப்பையுமாக மனைவி வந்து நின்றாள்.

"என்னாச்சு?"

"கிளட்ச். பிடிச்ச பிடியை விடமாட்டேங்குது."

"யார் வீட்டுல இருக்கு, பின்ன எப்படி இருக்கும்?"

"கிண்டலா? கிளட்ச் ஆயில் குழாய்ல காத்து அடைச்சிருக்கும். அதை வெளிய எடுத்தாச் சரியாயிடும். நீ உள்ள உக்காந்து பெடலை மிதி."

"இந்தச் சேலையோடயா?"

"கிளட்சுக்குக் கண்ணு கிடையாது!"

அவள் பல்லைக் கடித்துக்கொண்டு ஏறி உட்கார்ந்தாள். நான் காருக்கு அடியில் நுழைந்தேன்.

"அமுக்கு!" என்று கத்தினேன்.

"அமுக்கிட்டேன்!"

"பிடி!"

"எதை?"

"பெடலைத்தான்! வேற எதைப் பிடிப்ப?"

"உங்க கழுத்தைப் பிடிக்கலாம்னு பாக்கறேன்."

"இப்ப விடு!"

"இவ்வளவு நாளா எல்லாத்தையும் விட்டுக்கிட்டுத்தானே இருக்கேன்!"

"கிளட்சை விடு! நாம சண்டை போடுறதுக்கு ஒரு நேரம் காலம் இல்லையா?"

"எனக்கு இன்னிக்கு நேரமும் இல்லை, காலும் வலிக்குது. எத்தனை தடவை மிதிக்கிறது?"

அப்போது ஆலோசனையின் செருப்பு மட்டும் என் கண்ணுக்குத் தெரிந்தது. "சார், ஆயில் குறைஞ்சிருக்கும்."

"ஊத்தியாச்சு!"

"பெடல் பழசா இருக்கும்."

"உங்க செருப்பும்தான் பழசு! நடக்கலையா?"

செருப்பு ஓரடி பின்வாங்கியது. போகவில்லை.

காற்றெல்லாம் வெளியே வந்துவிட்டது. பாதி ஆயில் என் மூக்கில். எழுந்து வந்து, அவளை இறக்கிவிட்டு, ஸ்டார்ட் செய்து கியரைத் தள்ளினேன். கரகரகர. எனக்கு வந்த ஆத்திரத்தில் கையிலிருந்த ஸ்பேனரை வீசினேன். அது எதிர்வீட்டுப் பூந்தொட்டியில் போய் விழுந்தது. தொட்டி இரண்டானது.

"சார், அது என் தொட்டி."

"தெரியும்!"

மனைவி கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன், வசதியாக இருந்திருக்கும். அவள் மெதுவாகச் சொன்னாள்: "பத்து வருஷமா அந்த பேக்கரியில மாவுலயும் சூட்டுலயும் நிக்கறேன். இன்னிக்கு ஒரு நாள் நேரத்துக்குப் போகணும்னு கேட்டேன். வேன் வரும், அதுலயே போயிடறேன்னுதான் இருந்தேன். உங்க வீம்புக்காக அதையும் வேண்டாம்னேன்."

கண் சிவந்திருந்தது. மன்னிப்புக் கேட்கத்தான் நினைத்தேன். ஆனால் வாய் இருக்கிறதே, அது தனி வண்டி. "அதுக்கு நான் என்ன பண்றது? கிளட்ச் விடலைன்னா தெய்வமே வந்தாலும் கார் நகராது!" என்றது.

"சரி. கையைக் கழுவிட்டு ஒரு வாடகை வண்டிக்குப் போன் பண்ணுங்க. சாவியைக் குடுங்க, ஏசி போட்டு உள்ள உக்கார்றேன். வேர்க்குது."

நியாயமாகப் பட்டது. கொடுத்தேன். ஏசியே வேலை செய்யாத கார் அது என்பது, குழாயடியில் சோப்பைத் தேய்த்துக்கொண்டிருக்கும்போதுதான் நினைவுக்கு வந்தது.

வாசலில் ஒரு குலுங்கல் சத்தம். பிறகு இன்ஜின் சத்தம். பிறகு அந்தச் சத்தம் தூரமாகப் போகிற சத்தம்!

நுரைக் கையோடு ஓடினேன். கேட் விரியத் திறந்திருந்தது. கார் தெருமுனையில் திரும்பிக்கொண்டிருந்தது. கியர் மாறியது. ஒரு கரகர இல்லை.

"யார் கேட்டைத் திறந்தது?"

"அம்மா திறக்கச் சொன்னாங்க" என்றார் ஆலோசனை. "இன்ஜினை ஆஃப் பண்ணிட்டு ஃபர்ஸ்ட் கியர் போட்டாங்க. அப்படியே சாவியைத் திருப்பினாங்க. ரெண்டு குலுங்கு, வண்டி போயிடுச்சு. அருமையா ஓட்டறாங்க சார். நீங்க ஏன் அப்படி முயற்சி பண்ணலை?"

நான் அவரிடம் சொன்னதை இங்கே எழுத முடியாது.

சாயங்காலம் கார் தானாக வந்து வாசலில் நிற்கிற மாதிரி, அலட்டாமல் வந்து நின்றது. அவள் இறங்கினாள். முகம் பார்த்ததுமே தெரிந்தது. புதுக் கிளைக்கு அவள்தான் தலைமை. எனக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது. வெளியே கொதித்தேன்.

"கிளட்ச் இல்லாம வண்டி ஓட்ட உனக்கு யார் சொல்லிக் குடுத்தது?"

"எங்க பேக்கரி வேன்ல கிளட்ச் செத்து ரொம்ப நாளாச்சு. டிரைவர் லீவு போட்டா நான்தான் ஓட்டிக்கிட்டுப் போய் ரொட்டி இறக்கறேன்."

"எங்கிட்ட சொல்லவே இல்லையே?"

"நீங்க கேக்கவே இல்லையே."

"கியர் எப்படி மாத்தின?"

"இன்ஜின் சத்தத்தைக் காது குடுத்துக் கேட்டா, எப்ப மாத்தணும்னு அதுவே சொல்லும். உங்களுக்கு யார் சொல்றதையும் கேட்டுப் பழக்கம் இல்லை."

விடுமுறை நாளில் கியர்பாக்ஸை மறுபடி இறக்கினேன். இன்ஜின் மாற்றியபோது கிளட்ச் பிளேட்டை முன்னும் பின்னும் மாற்றி மாட்டியிருந்தேன். இன்ஜின் பக்கம் இருக்கவேண்டிய முகம் கியர்பாக்ஸ் பக்கம் திரும்பி நின்றது. முதுகைக் காட்டி நின்றால் எப்படி விடும்? ஆலோசனை பார்க்கிறாரா என்று சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, சத்தமில்லாமல் திருப்பிப் போட்டேன்.

"என்ன கோளாறாம்?" என்றாள் மனைவி.

"தயாரிச்சவன் தப்பு" என்றேன் கோபமாக.

இப்போது கிளட்ச் பஞ்சு மாதிரி. மறுநாள் காலை, குளித்து, தலை வாரி, காரோட்டும் மிடுக்கோடு வாசலுக்கு வந்தேன். அவள் ஏற்கெனவே ஸ்டியரிங்குக்குப் பின்னால் இருந்தாள். இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது.

"நகரு, நான் ஓட்டறேன்."

"நேரமாச்சு. ஏறுங்க, உங்க ஆபீஸ் வாசல்ல இறக்கி விடறேன்."

தெரு முழுக்கக் கேட்கும்படி ஒரு கத்து கத்தலாம் என்று வாயைத் திறந்தேன். அவள் கிளட்சை மிதித்து ஃபர்ஸ்ட் கியரைப் போட்டாள். திறந்த வாயோடு முன் கதவைத் திறந்தேன். சீட்டில் அவளுடைய கைப்பையும், புதுக் கிளையின் சாவிக்கொத்தும், சாப்பாட்டு டப்பாவும் சௌகரியமாக உட்கார்ந்திருந்தன.

நான் பின் சீட்டில் ஏறிக்கொண்டேன்.