திருவிடந்தையில் பரஸ்தானம்

பஞ்சாங்கத்தைப் புரட்டித்தான் வெங்கடராகவன் தப்பிக்கப் பார்த்தார். அதிலேயே மாட்டிக்கொண்டார்.

"வல்லி, நாம கிளம்பறதா இருக்கற புதன்கிழமை வடக்கே சூலம்" என்றார், குரலில் வேண்டிய அளவு வருத்தம் சேர்த்து. "லடாக் வடக்கேதானே இருக்கு? அன்னிக்குக் கிளம்பினா விளங்குமா? அடுத்த மாசம் ஆடி. அப்புறம் மழை. இனிமே அடுத்த வருஷம்தான் பார்க்கணும்."

மனைவி சுந்தரவல்லி புளிக்காய்ச்சல் பாட்டிலை மூடிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தாள்.

"இதுக்குப் போய் முகத்தைத் தொங்கப் போட்டுப்பாளா? பரஸ்தானம் வெச்சுட்டாப் போச்சு!"

அப்படி ஒரு வழி இருப்பதை வெங்கடராகவன் மறந்தே போயிருந்தார். கிளம்பும் நாள் சரியில்லை என்றால், அதற்கு முன்பே ஒரு நல்ல நேரத்தில் பயணப் பையைக் கொண்டுபோய் வேறு யார் வீட்டிலாவது வைத்துவிடுவது. பை வாசற்படி தாண்டியதுமே பயணம் ஆரம்பமாகிவிட்டது என்று அர்த்தம். அப்புறம் சூலமாவது ஒன்றாவது!

செங்கல்பட்டில் ஓர் அரசு அலுவலகத்தில் முப்பத்து நாலு வருஷம் ஒரே நாற்காலியில் உட்கார்ந்து ஓய்வு பெற்றவர் அவர். காலை ஐந்து பத்துக்குச் சொந்த வீட்டுக் கழிப்பறை, ஐந்தரைக்குச் சொந்த வீட்டுக் காப்பி, இரவில் பஞ்சு அமுங்கிப்போன சொந்தத் தலையணை. இந்த மூன்றும் இல்லாத உலகத்தை அவர் பார்த்ததில்லை. பார்க்க ஆசையும் இல்லை.

வினை வந்தது நாலு மாதத்துக்கு முன்னால். ஒரு மத்தியானம் சுந்தரவல்லி போனில் வீடியோ பார்த்துக்கொண்டிருந்தாள். வயதான தம்பதி ஒன்று லாரியையே வீடாக்கிக்கொண்டு பனிமலையில் அடுப்பு மூட்டி உப்புமா கிளறியது. சுந்தரவல்லியின் கண்ணில் நீர். அவருக்கு மனசு என்னவோ செய்தது. கல்யாணமான நாளிலிருந்து இவளைத் திருப்பதிக்கு அப்பால் எங்கேயும் அழைத்துப் போனதில்லை. 'அடுத்த வருஷம், அடுத்த வருஷம்' என்றே அவள் தலை நரைத்துவிட்டது. கேளம்பாக்கத்தில் மனைவி மானசாவோடு தங்கி ஐ.டி. வேலை பார்க்கும் பிள்ளை ஆதித்யாவிடம் வாய்தவறி, "அம்மாவுக்கு இந்த மாதிரி ஆசை போலிருக்குடா" என்று சொல்லிவிட்டார்.

ஆதித்யா அடுத்த வாரமே ஒரு குட்டி லாரியோடு வந்து நின்றான்.

"சூப்பர் வண்டிப்பா! பின்னாடி பெட்டி முழுக்கத் தெர்மாகோல் அடைச்சிருக்கு. வெளியில குளிர் மைனஸ்ல போனாலும் உள்ளே தெரியாது."

உண்மைதான். அது பதினோரு வருஷம் கோவளத்திலிருந்து மீன் ஏற்றிய வண்டி. கட்டில், அடுப்பு, பெருமாள் படம் எல்லாம் உள்ளே பொருத்தியாயிற்று. மஞ்சள் கரைத்துக் கழுவினார்கள். சாம்பிராணி போட்டார்கள். சாஸ்திரிகளை வரவழைத்துப் புண்யாகவாசனமும் பண்ணினார்கள். அவர் மந்திரத்தை இரட்டை வேகத்தில் முடித்துவிட்டு மூக்கைப் பொத்திக்கொண்டு இறங்கினார்.

"சரி, ஒரு பையைப் பக்கத்து ஆத்துல வெச்சுடலாம்" என்றார் வெங்கடராகவன், ஈனஸ்வரத்தில்.

"பையெல்லாம் வண்டிக்குள்ளே கட்டியாச்சே. வண்டியையே வெச்சுடலாம். திருவிடந்தையில பெருமாள் காலடியில நிக்கட்டும்" என்றாள் சுந்தரவல்லி. சொல்லிவிட்டுத் தன் சமையலறையை ஒரு பார்வை பார்த்தாள்.

பாவம், கிளம்பத் துடிக்கிறாள் என்று அவருக்குத் தோன்றியது. உடனே வீராப்பாக ஒரு வார்த்தை விட்டார். "வண்டியை மட்டும் எதுக்குத் தனியா விடணும்? நாமும் ஞாயித்துக்கிழமையே போய் அதுலேயே தங்கிடுவோம்! இன்ஷூரன்ஸ் பேப்பர் செவ்வாய்க்கிழமை போன்ல வந்துடும். புதன்கிழமை விடிஞ்சதும் வடக்கே ஒரே பிடி!"

அவள் முந்தானையால் கண்ணை ஒற்றிக்கொண்டாள். ஆனந்தக் கண்ணீர் என்று நினைத்துக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலை காலனியே திரண்டு வந்து பூசணிக்காய் உடைத்தது. நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம். எதிர்வீட்டு வரலட்சுமி ஆரத்தி எடுத்துவிட்டு, "மாமா, பனிமலையில நின்னு குரூப்ல போட்டோ போடணும். லடாக் போய்ச் சேர்ற வரைக்கும் நாங்க விடமாட்டோம்!" என்றாள்.

திருக்கழுக்குன்றம் வழியாக, மணிக்கு முப்பது கிலோமீட்டர் வேகத்தில், பின்னால் வந்த ஷேர் ஆட்டோக்காரர்கள் அத்தனை பேரிடமும் வசவு வாங்கிக்கொண்டு, திருவிடந்தையில் ஒரு சவுக்குத் தோப்போரம் வண்டியை நிறுத்தினார். எதிரே தேவேந்திரன் என்பவனின் மெக்கானிக் ஷெட். குடிக்கத் தண்ணீர் அங்கே பிடித்துக்கொள்ளலாம் என்றான். அந்த வேலையைச் சுந்தரவல்லி எடுத்துக்கொண்டாள்.

வெயில் ஏற ஏறத்தான் விஷயம் புரிந்தது. தெர்மாகோல் பதினோரு வருஷத்து மீனையும் மறக்கவில்லை. மத்தியானம் சுவரெல்லாம் வியர்த்து, சங்கரா, வஞ்சிரம், நெத்திலி என்று தனித்தனியாக நெடி கிளம்பியது. ஊரிலுள்ள பூனைகளெல்லாம் வந்து கதவுக்கு நேரே உட்கார்ந்துகொண்டன. இரண்டு நாள் அவர் தயிர்சாதத்தை மூச்சுப்பிடித்து விழுங்கினார்.

"நன்னா காத்து வர்றது, இல்லே?" என்பார்.

"ஆமாம், நன்னா இருக்கு" என்பாள் அவள், முந்தானையால் மூக்கை ஒற்றியபடி.

புதன்கிழமை காலை சாவியைத் திருப்பினார். வண்டி 'டிக்' என்றது. அவ்வளவுதான். மறுபடி 'டிக்'.

வெங்கடராகவனுக்கு உள்ளே தேன் பாய்ந்தது. ஆனால் மனைவியின் முகத்தைப் பார்த்ததும் குற்ற உணர்ச்சி பிடுங்கியது. அவள் வெளிறிப்போயிருந்தாள்.

"கவலைப்படாதே வல்லி! ரெண்டு மணி நேரத்துல சரி பண்ணிடறேன்!"

"பண்ணிடுவேளா?" என்றாள் அவள், அழுகிற குரலில்.

தேவேந்திரன் வந்து படுத்துப் பார்த்தான். "செல்ப் மோட்டாரு பூட்ச்சி சார். ஷெட்டுக்குத் தள்ளினு போணும்."

நாலு மீனவர்கள் தள்ளினார்கள். ஷெட்டுக்குப் பின்பக்கம் இடம் இருந்தது. அந்த இடத்தை அடுத்து, ஓர் ஏக்கருக்குக் கருவாடு காய்ந்துகொண்டிருந்தது. வண்டிக்கு உள்ளே பழைய மீன், வெளியே காய்ந்த மீன். வெங்கடராகவன் ஒன்பது முறை அச்சுதாய நம சொன்னார்.

"வேணும்னா... ஆத்துக்குப் போய் இருந்துட்டு வரலாமா?" என்று மெல்லக் கேட்டார்.

சுந்தரவல்லி சடக்கென்று திரும்பினாள். கண் பளபளத்தது. "பரஸ்தானம் வெச்சப்புறம் திரும்பி நிலைப்படி மிதிக்கறது அபசகுனம்னு சொல்லுவா. ஆனா, நீங்க சொன்னா..."

ஐயோ, அழப்போகிறாள்! "சேச்சே! வேண்டாம், வேண்டாம்! சும்மா உன்னைச் சோதிச்சேன்" என்று அவசரமாக மறுத்தார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

சாயங்காலம் ஆதித்யா போன் பண்ணினான். "எங்கேப்பா இருக்கீங்க?"

பத்து கிலோமீட்டர் தள்ளி இருக்கும் பிள்ளையிடம் எப்படிச் சொல்வது? பூசணிக்காய் உடைத்த காலனியிடம்தான் எப்படிச் சொல்வது? "நெல்லூர் தாண்டிட்டோம்டா."

"கடல் சத்தம் கேக்குதே?"

"நெல்லூர்லயும் கடல் இருக்கு" என்று போனை வைத்தார். பெற்ற பிள்ளையிடம் அறுபது வயதில் பொய் சொன்னது மனசை அறுத்தது.

வியாழக்கிழமை மோட்டார் சரியாயிற்று. டீசல் குழாய் ஒழுகியது. அதைப் பார்க்கப் பெட்டியின் தரைப்பலகையைப் பெயர்க்க வேண்டுமாம். கட்டில் வெளியே வந்தது. கணவனும் மனைவியும் சவுக்கு மரத்தடியில், கருவாட்டுக்கு வந்த காக்கைகளின் நேர் கீழே படுத்தார்கள். வெள்ளிக்கிழமை குழாய் சரியாயிற்று. ரேடியேட்டர் காலியாகி இருந்தது. அதில் ஊற்றிப் பார்த்ததில் அவர்கள் வைத்திருந்த நல்ல தண்ணீர் அத்தனையும் போயிற்று. சனிக்கிழமை ரேடியேட்டர் சரியாயிற்று, பிரேக் பிடிக்கவில்லை. வண்டியை ஜாக்கி வைத்துத் தூக்கியதில் அலமாரி சாய்ந்து, நாற்பது நாளைக்கென்று கிளறி வைத்த புளிக்காய்ச்சல் பெருமாள் படத்தின் மேல் கொட்டியது.

ஒவ்வொரு காலையும் புது வியாதி. ஒவ்வொரு காலையும் அவர், "இது ஒண்ணுதான் வல்லி, இது முடிஞ்சா லடாக்தான்!" என்று கூவுவார். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு குடத்தைத் தூக்கிக்கொண்டு ஷெட்டுக்குத் தண்ணீர் பிடிக்கப் போவாள். அந்த முதுகைப் பார்த்துக்கொண்டே நிற்பார். வாழ்க்கையில் ஒரே ஒரு ஆசை. அதற்கும் இந்தக் கதி.

சாவி திரும்பாதவரை வீட்டுக்கும் போக முடியாது. திரும்பினால் லடாக். வெங்கடராகவன் நாலு கிலோ இளைத்துவிட்டார். ஐந்து பத்து என்ற நேரமே அவர் உடம்புக்கு மறந்துபோயிற்று. வாழ்நாளில் இப்படி ஒரு கையாலாகாத்தனத்தை அவர் அனுபவித்ததில்லை.

சனிக்கிழமை சாயங்காலம் மறுபடி ஆதித்யா. "இப்போ எங்கேப்பா?"

"நாக்பூர்டா. ஆரஞ்சு ரொம்ப மலிவு."

"சூப்பர். நாங்க நாளைக்குக் காலம்பற திருவிடந்தைக் கோவிலுக்குப் போறோம். உங்க பிரயாணம் நல்லபடி முடியணும்னு மானசா வேண்டிண்டிருக்கா. வரலட்சுமி மாமியும் வேன் எடுத்துண்டு வராங்க. காலனியே வருது!"

வெங்கடராகவன் கையிலிருந்த போன் மணலில் விழுந்தது.

சுந்தரவல்லி கோவிலுக்குப் போயிருந்தாள். அவர் நேரே ஷெட்டுக்குப் போனார். தேவேந்திரன் வண்டிக்கடியில் படுத்திருந்தான்; கால் மட்டும் தெரிந்தது. அந்தக் காலுக்குப் பக்கத்தில் போய் மண்ணிலேயே உட்கார்ந்தார்.

"தேவேந்திரா, வண்டி எப்போ ரெடி?"

"நாளிக்கி காலீல சார். சாவிய போட்டா பறக்கும்."

"பறக்கக் கூடாதுப்பா."

"இன்னா சார் சொல்ற?"

அணை உடைந்துவிட்டது. "எனக்கு லடாக் வேண்டாம். காஷ்மீர் வேண்டாம். என் ஆத்துக் காப்பி வேணும், என் தலையணை வேணும். இந்த வாரம் முழுக்க நான் பட்ட பாடு பகையாளிக்கும் வரப்படாது. ஆனா அவ ஆசைப்பட்டாளே! முப்பத்தஞ்சு வருஷமா ஒண்ணும் கேக்காதவ. அவ மூஞ்சியப் பார்த்து 'வேண்டாம்'னு சொல்ல எனக்கு வாய் வரலைப்பா. வண்டியே செத்துப்போச்சுன்னா அது விதி. நான் காரணம் இல்லே. நாளைக்கு இங்கே வரப்போற காலனிக்கும் அதையே சொல்லிக்கலாம். நீ எனக்கு ஒரு உபகாரம் பண்ணு. ஏதாவது ஒரு முக்கியமான சாமானாப் பார்த்துக் கழட்டிக் கடல்ல வீசிடு. இது இனிமே எழுந்திருக்கவே கூடாது. மாமிக்கு மட்டும் தெரியவேண்டாம்."

சொல்லிவிட்டு முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டார்.

தேவேந்திரன் மெல்ல வெளியே ஊர்ந்து வந்தான். கையிலிருந்த கிரீஸைத் துணியில் துடைத்தான்.

"இன்னும் கயட்டறதுக்கு இதுல இன்னா சார் கீது? 'அவரு ஆசையா கீறாரு, நேரா சொன்னா மனசு ஒடஞ்சி பூடும், அவருக்கு மட்டும் தெரிய வாணாம்'னு உன் வூட்டம்மா அயுதுகினே கேட்டாங்கோ. புதங்கெயமலேர்ந்து தெனம் ஒண்ணா நான்தான் கயட்டிகினு கீறேன்!"